புதியவர்களை எங்கே போய்ப் பார்ப்பது? ஏலம், சந்தை, பினாலே, ஸ்டுடியோ, செல்போன்

தோழி ஒருத்தி கேட்ட கேள்வி இது. அவளுக்கு ஓவியம் பார்க்கப் பிடிக்கும். கலை வரலாறு படித்தவள் இல்லை. "செத்துப்போனவங்க வரைஞ்சதையே எவ்வளவு நாள் பார்க்கிறது? இப்ப யார் புதுசா செய்றாங்கன்னு தெரிஞ்சுக்கணும். வருஷத்துக்கு ஒரு வாரம்தான் லீவு. எங்கே போகட்டும், நீயே சொல்லு" என்றாள்.

யோசிக்காமல் "பினாலேவுக்குப் போ" என்று சொல்லிவிட்டேன். இரண்டு நாள் கழித்து எனக்கே சந்தேகம் வந்தது. புதியவர்களைப் பார்க்க ஐந்து வழி இருக்கிறது. ஏல நிறுவனங்கள் விலையைச் சொல்கின்றன. ஆர்ட் ஃபேர் எனப்படும் கலைச்சந்தைகள் சரக்கைக் காட்டுகின்றன. பினாலே எனப்படும் பெரிய கண்காட்சிகளில், படைப்புகளைத் தேர்ந்து அடுக்கும் க்யூரேட்டர் ஒருவரின் வாதம் இருக்கிறது. கலைக்கல்லூரி ஆண்டிறுதிக் கண்காட்சிகளிலும், கலைஞர்கள் சில காலம் தங்கி வேலை செய்யும் ரெசிடென்சிகளின் திறந்த ஸ்டுடியோக்களிலும் வேலையே நடுவழியில் நிற்கும். கடைசியாகக் கையில் இருக்கும் செல்போன். ஐந்தும் வேறு வேறு ஆட்களைக் காட்டுகின்றன என்றுதான் வெகுநாள் நினைத்திருந்தேன். உண்மையில் பெரும்பாலும் அதே ஆட்கள்தான். அவர்களை எந்தக் கட்டத்தில் சந்திக்கிறோம் என்பதுதான் மாறுகிறது. எவ்வளவு சீக்கிரம் பார்க்க ஆசைப்படுகிறோமோ அவ்வளவு குப்பையையும் சேர்த்துப் பார்க்கவேண்டியிருக்கும். இந்தக் கணக்கை அவளிடம் சொல்லாமல் விட்டுவிட்டேன்.

முதலில் 'வளர்ந்துவரும் கலைஞர்' என்ற சொல்லைக் கொஞ்சம் உதறிப் பார்க்கவேண்டும். கேட்டதும் இருபத்தைந்து வயது முகம் ஒன்று மனதில் வருகிறது. பிரிட்டனில் சமகாலக் கலைக்குத் தரும் டர்னர் பரிசு இந்த நினைப்பிலேயே 1991-இலிருந்து ஐம்பது வயது வரம்பு வைத்திருந்தது. 2017-இல் வரம்பை எடுத்தார்கள்; அந்த வருடமே 63 வயது லுபைனா ஹிமிட் பரிசு பெற்றார். 2025-இல் அது நெனா கலுவுக்குப் போயிற்று. கிளாஸ்கோவில் 1966-இல் பிறந்தவர், கற்றல் குறைபாடு உடையவர், மிகக் குறைவாகவே பேசுபவர். பழைய வீடியோ டேப், துணி, பிளாஸ்டிக் என்று கிடைத்ததையெல்லாம் சுற்றிச் சுற்றி இறுக்கி, பெரிய கூட்டுப்புழுக்களைப் போலத் தொங்கவிடுவார். ஆக்‌ஷன்ஸ்பேஸ் என்ற அமைப்பு 1999-இலிருந்து அவருக்குத் துணை நிற்கிறது. கால் நூற்றாண்டு வேலை செய்தவரைப் பெரும்பாலான பத்திரிகைகள் அன்றைக்குத்தான் முதல்முறையாகப் பார்த்தன. கியூபாவில் பிறந்த கார்மென் ஹெரேரா தன் முதல் ஓவியத்தை விற்றபோது அவருக்கு 89 வயது. புதியவர் என்றால் நம் கண்ணுக்குப் புதியவர், அவ்வளவுதான்.

ஒரே பெயரை எடுத்துக்கொண்டு அது எந்த வழியில் எப்போது தெரிந்தது என்று பார்த்தால் விஷயம் விளங்கும். அமோவாக்கோ போவாஃபோ, கானாவின் அக்ராவில் 1984-இல் பிறந்தவர். உடையையும் பின்னணியையும் தூரிகையால் தட்டையாக வரைந்துவிட்டு, முகத்தையும் கையையும் மட்டும் விரலாலேயே சாயம் தோய்த்து வரைவார். ஒபாமாவின் அதிகாரபூர்வ உருவப்படத்தை வரைந்த கெஹிண்டே வைலி, 2018-இல் இவருடைய படங்களை இன்ஸ்டாகிராமில் பார்த்துவிட்டுத் தனக்குத் தெரிந்த கேலரிகளிடம் சொன்னார். 2019 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலீஸில் தனிக்கண்காட்சி. அதே வருடம் மயாமியில் ரூபெல் அருங்காட்சியகத்தின் ரெசிடென்சி. 2020 பிப்ரவரியில் லண்டன் ஃபிலிப்ஸ் ஏலத்தில், எலுமிச்சை மஞ்சள் நீச்சலுடையில் ஒரு பெண் இருக்கும் ஓவியம் 6,75,000 பவுண்டுக்குப் போயிற்று. ஏல நிறுவனம் மதிப்பிட்டிருந்தது 30,000-இலிருந்து 50,000 பவுண்டு வரை. வழக்கமாகப் பத்துப் பதினைந்து வருடம் பிடிக்கும் பாதையை இரண்டே வருடத்தில் கடந்த பெயர் இது. அப்படியும் ஏலச் செய்தியைப் படித்துத் தெரிந்துகொண்டவர்தான் வரிசையில் கடைசி ஆள்.

ஆகவே ஏலத்தை முதலிலேயே கழித்துவிடலாம். ஏலம் என்பது ஏற்கெனவே ஒருவர் வாங்கியதை இன்னொருவருக்கு விற்கும் இடம். அந்தப் பணம் கலைஞருக்குப் போவதில்லை. ஐரோப்பிய ஒன்றியம் போன்ற சில இடங்களில் மறுவிற்பனை உரிமைச் சட்டப்படி ஒரு சிறு பங்கு கிடைக்கும். அதற்கும் 12,500 யூரோ உச்சவரம்பு. ஒரு புதியவரின் படம் எதிர்பார்த்த விலையைப்போலப் பல மடங்குக்குப் போனதும், வீட்டில் அவருடைய படம் வைத்திருப்பவர்கள் எல்லாரும் அடுத்த ஏலத்துக்கு அனுப்புகிறார்கள். வாங்க ஆள் குறைகிறது, விலை சரிகிறது. சரிந்த விலையோடு கேலரியில் உட்கார்ந்திருப்பது அந்தக் கலைஞர்தான். 2014-இல் விமர்சகர் வால்டர் ராபின்சன் 'ஜாம்பி ஃபார்மலிசம்' என்று பெயர் வைத்த அரூப ஓவிய அலை இப்படித்தான் இரண்டு மூன்று வருடத்தில் ஏறி இறங்கியது. கொரோனாவுக்குப் பிந்தைய உருவ ஓவிய அலையும் ஏறக்குறைய அதே வழியில் போனது. ஆர்ட் பாசல் என்ற கலைச்சந்தை நிறுவனமும் யுபிஎஸ் வங்கியும் சேர்ந்து வெளியிடும் அறிக்கையின்படி 2024-இல் உலகம் முழுவதும் கலைப்படைப்புகளின் மொத்த விற்பனை 57.5 பில்லியன் டாலர், முந்தைய வருடத்தைவிட 12 சதவீதம் குறைவு. தோழிக்கு இதனால் என்ன லாபம்? ஒன்றும் இல்லை. ஏல முடிவுகளை வாரப் பத்திரிகை ராசிபலன் போல மேலோட்டமாகப் பார்த்தால் போதும்.

கலைச்சந்தையை அப்படி ஒதுக்கிவிட முடியாது. 1970-இல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரத்து கேலரிக்காரர்கள் மூன்று பேர் தொடங்கியது ஆர்ட் பாசல். இன்று மயாமி பீச், ஹாங்காங், பாரிஸ் என்று விரிந்து, 2026 பிப்ரவரியில் தோஹாவுக்கும் வந்துவிட்டது. பாசலில் மட்டும் ஏறத்தாழ 290 கேலரிகள் கடை விரிக்கின்றன. கடை என்ற சொல்லை வேண்டுமென்றேதான் சொல்கிறேன். ஒவ்வொரு கேலரியும் சதுர மீட்டர் கணக்கில் வாடகை கட்டுகிறது; சரக்கு அனுப்பும் செலவு, காப்பீடு, ஆட்களின் ஓட்டல் அறை எல்லாம் தனி. நான்கைந்து நாளில் அதைத் திரும்ப எடுக்கவேண்டும் என்றால் எதைக் கொண்டுவருவார்கள்? சுவரில் மாட்டக்கூடியது, கதவு வழியாக நுழையக்கூடியது, ஒரு பார்வையில் பிடிபடக்கூடியது. கலு செய்வது போன்ற இரண்டு ஆள் உயரக் கூட்டை அங்கே தேடினால் கிடைப்பது கஷ்டம். 'ஆனாலும் சந்தையில் பரிசோதனைக்கும் இடம் உண்டு' என்று யாராவது சொன்னால், 2019-இல் மயாமியில் சுவரில் டேப் போட்டு ஒட்டி 1,20,000 டாலர் விலை வைத்த மௌரிசியோ கத்தெலானின் வாழைப்பழம் நினைவுக்கு வரும். 2024 நவம்பரில் சதபீஸ் ஏலத்தில் அது 62 லட்சம் டாலருக்குப் போனது. கத்தெலான் அப்போதே பிரபலம். பெயர் தெரியாத ஒருவர் ஒட்டியிருந்தால் மாலையில் துப்புரவுப் பணியாளர் எடுத்துப் போட்டிருப்பார்.

சந்தையில் புதியவர்களைத் தேட ஒரு வழி இருக்கிறது: பெரிய மண்டபத்தைத் தாண்டி ஓரத்துக்குப் போகவேண்டும். ஆர்ட் பாசலுக்குள்ளேயே 'ஸ்டேட்மென்ட்ஸ்' என்ற பகுதியில் ஒரு கேலரிக்கு ஒரு புதுக் கலைஞர் என்று தனியாக வைப்பார்கள். அதைவிட நல்லது, அதே வாரம் அதே ஊரில் நடக்கும் லிஸ்தே சந்தை. 1996-இல் இளம் கேலரிகளுக்காகவே தொடங்கப்பட்டது. அங்கே நிற்கும் கேலரிக்காரருக்குக் கலைஞரோடு நேரடிப் பழக்கம் இருக்கும். 'இவர் முன்னால் என்ன செய்துகொண்டிருந்தார்' என்று கேட்டால் போனிலிருந்து பழைய படங்களை எடுத்துக் காட்டுவார். பெரிய கேலரியின் ஊழியர் அதே கேள்விக்கு உங்கள் செருப்பைப் பார்த்துவிட்டு பிடிஎஃப் அனுப்புவதாகச் சொல்வார். ஆனால் சிக்கலும் அந்தச் சின்ன கேலரிகளில்தான். விற்பனையில் பாதி கலைஞருக்கு, பாதி கேலரிக்கு என்பது பரவலான வழக்கம். மலிவான படத்தில் பாதி எடுத்து வாடகை கட்டமுடிவதில்லை. 2024-இல் எண்பது வருடத்தை எட்டிக்கொண்டிருந்த மார்ல்பரோ கேலரியே கடையை மூடியது. 2025-இல் ப்ளம், க்ளியரிங் இரண்டும் மூடின. கேலரி மூடினால் பட்டியலில் இருந்த புதியவர்கள் ஒரே வாரத்தில் தெருவுக்கு வருகிறார்கள். போன வருடம் சந்தையில் பார்த்த பெயர் இந்த வருடம் இல்லையென்றால் அவர் வேலை கெட்டுப்போனதாக அர்த்தம் இல்லை.

பினாலே பக்கம் வருகிறேன். எனக்குப் பிடித்தது இதுதான், அதனால் இங்கே கொஞ்சம் சந்தேகத்தோடு படியுங்கள். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, ஒரு க்யூரேட்டரை நியமித்து, ஊர் முழுக்க விரித்துவைக்கும் கண்காட்சி. வெனிஸ் 1895-இல் தொடங்கியது. சாவோ பாவுலோ 1951, ஹவானா 1984, குவாங்ஜு 1995, கொச்சி 2012. விற்பனை நோக்கமில்லாத புனித இடம் என்று சிலர் கையெடுத்துக் கும்பிடுவார்கள். அப்படியெல்லாம் இல்லை. வெனிஸில் 1968 போராட்டங்கள் வரை விற்பனைக்கென்றே ஓர் அலுவலகம் இருந்தது. இன்றைக்கும் பெரிய இன்ஸ்டலேஷன்களின் செலவைப் பல நேரம் கலைஞரின் கேலரிதான் ஏற்கிறது. கேலரி இல்லாதவருக்கு நிதி திரட்டுவதே தனி வேலை. அழைப்பு வந்ததும் விலை ஏறுவதும் எல்லாருக்கும் தெரியும்.

அப்படியும் அங்கே கிடைப்பது வேறு எங்கும் கிடைக்காது. 2015 வெனிஸ் பினாலேயின்போது கானாக் கலைஞர் இப்ராஹிம் மஹாமாவுக்கு 28 வயது. கானாவில் கோகோ மூட்டை கட்டிய சாக்குகளை, அழுக்கும் கிழிசலும் முத்திரை எழுத்தும் அப்படியே இருக்க, ஒன்றோடொன்று தைத்து, ஆர்சனாலே கட்டடத்தை ஒட்டிய நீண்ட நடைபாதையின் இரண்டு பக்கச் சுவரையும் மூடினார். சாக்கு எங்கெங்கே போய் வந்தது, யார் முதுகில் ஏறியது, கோகோவை யார் தின்றார்கள் என்பதெல்லாம் அந்தத் துணியிலேயே இருக்கிறது. சந்தையின் கடைக்குள் அதன் ஒரு துண்டைத்தான் மாட்ட முடியும். மாட்டவும் பார்த்தார்கள். அவரிடம் சாக்குத்துணியை மொத்தமாக வாங்கிய இரண்டு டீலர்கள் அதை 294 துண்டாக்கிச் சட்டம் போட்டார்கள். அவை தன் படைப்புகள் அல்ல என்று மஹாமா சொல்ல, 2015-இல் விவகாரம் நீதிமன்றம் வரை போய், அடுத்த வருடம் சமரசத்தில் முடிந்தது. ஒரே சாக்கு, பினாலேயில் ஒரு பொருள், சந்தையில் வேறு பொருள். இந்த ஒப்பீட்டுக்கு இதைவிடக் கச்சிதமான உதாரணம் என் கையில் இல்லை. விற்ற பணத்தைக் கொண்டு தன் ஊரான தமாலேயில் 2019-இல் ஒரு கலை மையம் கட்டினார். பின்பு ரெட் கிளே என்ற ஸ்டுடியோ வளாகம். பழைய விமானங்களை வாங்கி நிறுத்தி அவற்றைப் பிள்ளைகளுக்கு வகுப்பறை ஆக்கினார். 2025 டிசம்பரில் கலை உலகில் செல்வாக்குள்ளவர்களை வரிசைப்படுத்தும் ஆர்ட்ரெவ்யூ பத்திரிகையின் 'பவர் 100' பட்டியலில் முதலிடம், அந்த இடத்துக்கு வந்த முதல் ஆப்பிரிக்கர். 2015-இல் வெனிஸ் நடைபாதையில் நடந்தவர்கள் பத்து வருடம் முந்திக்கொண்டார்கள்.

பினாலேயின் குறைகளையும் சொல்லிவிடுகிறேன். கூட்டம் அதிகம், படைப்புகளின் கூட்டம். வெனிஸ் க்யூரேட்டர்களில் 2022-இல் செசிலியா அலெமானி 213 கலைஞர்களை வைத்தார், 2024-இல் அத்ரியானோ பெத்ரோசா 330-க்கும் மேல். அதில் கணிசமானோர் இறந்துபோனவர்கள். வரலாறு விட்டுவிட்டவர்களைத் திரும்பச் சேர்க்கும் நல்ல காரியம்தான். ஆனால் இன்று வேலை செய்துகொண்டிருப்பவர்களைத் தேடி வந்த தோழி ஏமாந்துபோவாள். பிறகு வீடியோக்கள். நாற்பது நிமிடப் படம், இருட்டறை, உட்காரப் பெஞ்சு இல்லை. எல்லாவற்றையும் முழுதாகப் பார்த்தவர் என்று யாராவது சொன்னால் நான் நம்புவதில்லை. சுவரில் ஒட்டிய குறிப்புகளின் மொழி வேறு. படைப்பைப் பார்ப்பதைவிடக் குறிப்பைப் படிப்பதற்கு அதிக நேரம் போகிறது என்று உணர்ந்த நாளிலிருந்து, முதல் சுற்றில் குறிப்புகளைப் படிக்காமலே நடப்பதை வழக்கமாக்கிக்கொண்டேன்.

ஆனாலும் 2026 வெனிஸுக்குப் போக வேறொரு காரணமும் சேர்ந்தது. அதன் க்யூரேட்டராகப் பொறுப்பேற்ற கோயோ குவோ, அந்தப் பதவிக்கு வந்த முதல் ஆப்பிரிக்கப் பெண், 2025 மே மாதம் 57 வயதில் இறந்துபோனார். அவர் எழுதிவைத்த திட்டத்தின்படியே, அவர் சேர்த்த குழுவே கண்காட்சியைக் கொண்டுசெல்வது என்று முடிவானது. தலைப்பும் அவர் வைத்ததுதான், 'இன் மைனர் கீஸ்'. இசையின் மெல்லிய சுருதியைச் சொல்வது. மே 9 முதல் நவம்பர் 22 வரை.

ஸ்டுடியோவைப் பற்றி எழுதும்போது எல்லாரும் 1988-இன் 'ஃப்ரீஸ்' கண்காட்சியைச் சொல்வார்கள். லண்டன் துறைமுகப் பகுதியில் காலியாகக் கிடந்த கட்டடம் ஒன்றில் கோல்ட்ஸ்மித்ஸ் கல்லூரி மாணவர்கள் தாங்களே நடத்தியது. ஏற்பாடு செய்த டேமியன் ஹர்ஸ்ட் அப்போது இரண்டாம் வருட மாணவர். அந்தக் கும்பலிலிருந்து ஒரு தலைமுறையே வந்தது என்பது உண்மை. ஆனால் அதே வருடத்தில் எத்தனை கல்லூரிகளில் எத்தனை ஆண்டிறுதிக் கண்காட்சிகள் நடந்தன, அவற்றில் எத்தனை பேர் நமக்குத் தெரியும்? ஆண்டிறுதிக் கண்காட்சியில் பெரும்பகுதி ஆசிரியரின் நிழல், மீதி இணையத்தின் நிழல். ஒரு மண்டபம் முழுக்கச் சுற்றிவிட்டு ஒரே ஒரு பெயரோடு வெளியே வருவதுதான் சராசரி. சில வருடம் அதுவும் இல்லை.

ரெசிடென்சிகளில் சலித்தெடுத்தவர்கள் இருப்பார்கள் என்பதால் இந்தக் கஷ்டம் பாதியாகக் குறைகிறது. நியூயார்க்கின் ஹார்லெம் ஸ்டுடியோ மியூசியம் 1968-இல் தொடங்கியது. வருடத்துக்கு மூன்று கலைஞர்கள், முடிவில் ஒரு கண்காட்சி. டேவிட் ஹேமன்ஸ், ஜூலி மெஹ்ரெட்டு, போவாஃபோவைக் கண்டுபிடித்த அதே கெஹிண்டே வைலி, ஞிடேக்கா அகுனியிலி கிராஸ்பி எல்லாரும் அங்கே தங்கி வேலை செய்தவர்கள்தான். புதிய கட்டடத்தோடு 2025 நவம்பரில் மறுபடி திறந்திருக்கிறார்கள். ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ் அகாடமி வருடத்தில் சில நாள் எல்லா ஸ்டுடியோ கதவுகளையும் பொதுமக்களுக்குத் திறந்துவிடும். லண்டனில் கேஸ்வொர்க்ஸ், லாகோஸில் யின்கா ஷோனிபாரே தொடங்கிய ஜி.ஏ.எஸ்., டக்காரில் வைலியின் பிளாக் ராக் என்று பட்டியல் நீளும்.

ஒரு ரெசிடென்சியின் திறந்த ஸ்டுடியோ நாளில் நான் பார்த்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. தரையில் மாஸ்கிங் டேப் ஒட்டிப் பிய்த்த தடங்கள், டர்பன்டைன் வாடை. சுவரில் முடிந்த ஓவியங்கள் நான்கு, பார்வையாளருக்காகத் துடைத்துவைத்ததுபோல ஒழுங்காக. மூலையில் ஒரு கேன்வாஸ் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு நின்றது. அது என்ன என்று கேட்டேன். "அது சரியா வரலைங்க" என்றார் அந்தப் பெண். கொஞ்ச நேரம் வேறு எதையோ பேசிவிட்டு, அவராகவே போய்த் திருப்பிக் காட்டினார். நடுவில் ஒரு இடத்தைச் சுரண்டி, மறுபடி வரைந்து, மறுபடி சுரண்டியிருந்தார். துணி இழை தெரிந்தது. சுவரில் இருந்த நான்கையும் மறந்துவிட்டேன். சுரண்டிய இடம் மறக்கவில்லை. மூன்று வருடம் கழித்து அவருடைய கண்காட்சி ஒன்றைப் பார்த்தபோது எல்லாப் படமும் சுரண்டல்தான், வேண்டுமென்றே. அங்கே வந்திருந்தவர்கள் அதை ஒரு பாணி என்று பேசிக்கொண்டிருந்தார்கள். எந்தத் தவறிலிருந்து அது தொடங்கியது என்பது, ஸ்டுடியோவுக்குப் போயிருக்காவிட்டால் எனக்கும் தெரிந்திருக்காது.

செல்போன்? போவாஃபோ விஷயத்தில் அதுதான் எல்லாரையும் முந்தியது. ஆனால் அதைப் பார்த்தவர் வைலி. இருபது வருடம் உருவப்படம் வரைந்த கண் அது. நமக்கு அதே திரையில் விரல் தடம் தெரியாது, சாயத்தின் கனம் தெரியாது, ஆள் உயரப் படமும் உள்ளங்கைப் படமும் ஒரே அளவாகத் தெரியும். கலுவின் தொங்கும் கூட்டைப் போட்டோவில் பார்த்தால் பழைய துணி மூட்டை. போதாக்குறைக்கு இப்போது ஏஐ உருவாக்கிய படங்களும் அதே வரிசையில் கலந்து வருகின்றன. கிறிஸ்டீஸ் 2025 தொடக்கத்தில் ஏஐ கலைக்கென்றே தனி ஏலம் நடத்தியது. நிறுத்தச் சொல்லி ஆயிரக்கணக்கான கலைஞர்கள் கையெழுத்திட்ட கடிதம் ஒன்று போயும், ஏலம் 7 லட்சம் டாலருக்கு மேல் ஈட்டியது. செல்போனை முகவரிப் புத்தகமாக வைத்துக்கொள்ளலாம். பிடித்த ஒரு கலைஞர் வேறு யாரையெல்லாம் பின்தொடர்கிறார் என்று பார்ப்பது அல்காரிதம் தருவதைவிட நல்ல பட்டியல்.

அப்படியானால் தோழிக்கு என்ன சொல்வது? படம் வாங்கும் எண்ணம் இருந்தால் ஜூனில் லிஸ்தே. வேறு யோசனையே வேண்டாம். எழுதவோ பாடம் நடத்தவோ போகிறாள் என்றால் பினாலே. அவள் இரண்டும் இல்லை, பார்க்க மட்டும் ஆசைப்படுகிறாள். அந்த ஒரு வாரத்தைப் பினாலேவுக்கே கொடுக்கலாம் என்ற பழைய பதிலை நான் மாற்றவில்லை. ஆனால் அதோடு நிறுத்தியதுதான் தப்பு. பினாலேவுக்குப் போவது ஒரே ஒரு வாரம். மீதி ஐம்பத்தொரு வாரத்துக்கு, எந்த ஊரில் இருந்தாலும் பக்கத்தில் இருக்கும் கலைக்கல்லூரியின் ஆண்டிறுதிக் கண்காட்சி. இலவசம், கூட்டம் இல்லை, செய்தவர் பக்கத்திலேயே பதற்றத்தோடு நின்றுகொண்டிருப்பார். இரண்டையும் ஒரே பயணத்தில் முடிக்க நினைத்தால் கொச்சி போன்ற இடம் தோது. பெரிய கண்காட்சியோடு மாணவர் பினாலேயும் சேர்ந்தே நடக்கும். என்னைக் கேட்டால் முதல் நாளே மாணவர்கள் பக்கம் போய்விடவேண்டும், கால் வலிப்பதற்கு முன்.

இதையெல்லாம் போனில் சொல்லி முடித்ததும், "சரி, வெனிஸ்தான். மே மாசம் தொடக்க வாரத்துக்கே போட்டுடவா?" என்றாள். வேண்டாம் என்றேன். அந்த வாரம் முழுக்கக் கலைச்சந்தைக்காரர்கள் அங்கேதான் இருப்பார்கள், ஓட்டல் விலையும் அவர்களுக்கேற்ற விலை. அக்டோபர் கடைசியில் போகச் சொல்லியிருக்கிறேன். இருட்டறைகளில் பெஞ்சு அப்போதும் இருக்காது; மடக்கு ஸ்டூலை உள்ளே விடுவார்களா என்று விசாரித்துக்கொண்டிருக்கிறாள்.